இதயத்தைச் சரிசெய்தாகிவிட்டது, மூளையை யார் பார்ப்பது?

குழந்தைகளுக்கான இதய அறுவை சிகிச்சை பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளுக்கு ஒரு வார்ப்பு உண்டு. இத்தனை குழந்தைகளுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை நடந்தது, இத்தனை பேர் நலமாக வீடு திரும்பினார்கள், பெற்றோர் கண்ணீர் மல்க நன்றி சொன்னார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. இரண்டு தலைமுறைக்கு முன்பு கைவிடப்பட்டிருக்கக்கூடிய குழந்தைகள் இன்று பிழைக்கிறார்கள். அதன் பின்னால் பலரின் உழைப்பும் பொதுப்பணமும் இருக்கின்றன. என் குறையெல்லாம் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறதே என்பதுதான். வீடு திரும்பிய குழந்தை எப்போது நடந்தது, எப்போது பேசியது, நான்காம் வகுப்பில் பாடத்தோடு ஒட்டிப் போக முடிகிறதா என்ற விவரம் எதுவும் அந்தச் செய்திகளில் இருப்பதில்லை. கடுமையான பிறவி இதய நோய் இதயத்தோடு நின்றுவிடுவது அரிது. மூளையின் வளர்ச்சியையும் அது தொடுகிறது. பல நேரம் குழந்தை பிறப்பதற்கு முன்பே தொட்டுவிடுகிறது. இதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்த மருத்துவச் சான்று இருக்கிறது. ஆகவே, இதயத்துக்குச் செலவிடும் அரசு அந்தக் குழந்தையின் வளர்ச்சியைக் கண்காணிப்பதையும் அதே சிகிச்சையின் பகுதியாக, அதே கோப்பில், அதே நிதியில் சேர்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு, ஒன்பது பேருக்கு இதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கும். இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படிப் பிறப்பதாக மதிப்பிடுகிறார்கள்; அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்கு முதல் வயதுக்குள் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு நோய் கடுமையானது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘இதயத்தில் ஓட்டை’ என்று ஊரில் சொல்லப்படும் குறைகளில் பல சிறியவை. கீழறைத் தடுப்பில் இருக்கும் சிறு துளைகள் பெரும்பாலும் தாமாகவே மூடிக்கொள்ளும். அப்படிப்பட்ட குழந்தையின் பெற்றோர் இதைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட வேண்டியதில்லை. முதல் வயதிலேயே நெஞ்சைத் திறந்து சரிசெய்ய வேண்டியிருக்கும் குழந்தைகள், உதடும் நகமும் நீலம் பாரித்தபடியே வளரும் குழந்தைகள், டவுன் சிண்ட்ரோம் போன்ற மரபணுக் கோளாறோடு இதயக் குறையும் சேர்ந்து பிறந்த குழந்தைகள் ஆகியோரைப் பற்றியே இங்கே பேச்சு.

இந்தத் துறையின் தொடக்க காலத்தில் உயிர் பிழைப்பதைத் தாண்டி யாரும் யோசித்திருக்க முடியாது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஆல்ஃபிரட் பிளேலாக் ஒரு நீலக் குழந்தையின் நுரையீரலுக்கு ரத்தம் போக மாற்றுவழி அமைத்தார். யோசனை ஹெலன் டாசிக் என்ற குழந்தைகள் இதய மருத்துவருடையது. ஆய்வகத்தில் நாய்களுக்குச் செய்து பார்த்து முறையை வகுத்தவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளர். அவருக்கு உரிய மரியாதை வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. 1975இல் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் அடிப் ஜட்டெனே, இடம்மாறி முளைத்த இரண்டு பெருநாளங்களையும் வெட்டி உரிய இடத்தில் பொருத்தும் அறுவை சிகிச்சையை முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தார். 1980களின் இறுதிக்குள், பிறந்து சில நாட்களே ஆன சிசுவுக்கும் அதைச் செய்து பிழைக்கவைக்கும் திறமை நல்ல மருத்துவமனைகளுக்குக் கைவந்தது. பிழைத்தவர்கள் பெருகிய பிறகே, பிழைத்தவர்கள் எப்படி வளர்கிறார்கள் என்று கேட்க ஆளும் அவகாசமும் கிடைத்தன.

அந்தக் கேள்விக்கு மிகப் பொறுமையாக விடை தேடியது பாஸ்டன் ஆய்வு. 1988க்கும் 1992க்கும் இடையில், பெருநாளங்கள் இடம்மாறிப் பிறந்த 171 சிசுக்களை அங்கே இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். அந்தக் காலத்தில் சிசுவின் உடலை மிகவும் குளிரவைத்து, இதய–நுரையீரல் இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு, ரத்த ஓட்டமே இல்லாத நிலையில் தைப்பது வழக்கம். அது மூளையைப் பாதிக்கிறதோ என்ற சந்தேகம் இருந்ததால், ஒரு குழுவுக்கு அப்படியும் மற்றொரு குழுவுக்கு இயந்திரத்தைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டும் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஜேன் நியூபர்கர், டேவிட் பெல்லிங்கர் ஆகியோரின் குழு அந்தக் குழந்தைகளை ஒரு வயதிலும் நான்கு வயதிலும் எட்டு வயதிலும் பதினாறு வயதிலும் தேடிப்பிடித்துச் சோதித்தது. ஒரு வயதில் சந்தேகம் உறுதியானதுபோல் தெரிந்தது: ரத்த ஓட்டம் நிறுத்தப்பட்டவர்கள் உடல் இயக்கத்தில் பின்தங்கியிருந்தார்கள். எட்டு வயதில் படம் குழம்பியது. ஒரு குழு பேச்சிலும் கைத்திறனிலும் பின்தங்கியது, மற்றொரு குழு பொறுமையின்மையில். பதினாறு வயதில் இரு குழுக்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுமே சேர்ந்து பின்தங்கியிருந்தன. ஞாபகம், கவனம், ஒரு வேலையைத் திட்டமிட்டு முடிப்பது, பிறர் மனதைப் புரிந்துகொள்வது ஆகியவற்றில் தடுமாற்றம் இருந்தது. 100க்கு 65 பேர் படிப்புக்கோ நடத்தைக்கோ ஏதாவதொரு சிறப்பு உதவியைப் பெற்றிருந்தார்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் மூன்றில் ஒரு பங்கினரிடம் மூளையில் மாற்றம் தெரிந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த நலமான பிள்ளைகளிடம் அது 100க்கு 4. அறுவை சிகிச்சையின் நுட்பத்தைச் சோதிக்கத் தொடங்கிய ஆய்வு, நுட்பம் மட்டும் காரணமில்லை என்பதில் வந்து நின்றது. நல்ல ஆய்வுக்கு இதைவிட அடையாளம் வேண்டாம்.

அப்படியானால் காரணம் எங்கே? கருவிலேயே தொடங்குகிறது. தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு நுரையீரல் வேலை செய்வதில்லை. ஆக்சிஜன் நஞ்சுக்கொடியிலிருந்து தொப்புள்கொடி வழியாக வருகிறது. வாய்க்காலில் மதகு வைத்து நல்ல தண்ணீரை வேண்டிய வயலுக்குத் திருப்பிவிடுவதுபோல, இந்த ஆக்சிஜன் மிகுந்த ரத்தம் மேலறைகளுக்கு இடையிலுள்ள திறப்பின் வழியாக இடது பக்கம் திருப்பப்பட்டு, அங்கிருந்து முதலில் இதயத் தசைக்கும் மூளைக்கும் போகிறது. பெருநாளங்கள் இடம்மாறிய சிசுவில் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிடும். நல்ல ரத்தம் அதற்குத் தேவையே இல்லாத நுரையீரல் பக்கம் போக, ஆக்சிஜன் குறைந்த ரத்தம் மூளைக்கு ஏறுகிறது. இடது கீழறை வளராமல் சுருங்கிப்போன சிசுவிலோ மூளைக்கு ரத்தமே சுற்றுவழியில், பின்னோக்கிப் பாய்ந்துதான் போய்ச் சேர வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மூளை அசுர வேகத்தில் வளர்கிறது. ஏழாம் மாதத்துக்கும் பிரசவத்துக்கும் இடையே மூளைப் புறணியின் சாம்பல்நிறப் பகுதி ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. தேவை உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தில்தான் வரத்து குறைகிறது. 2010இல் கேத்தரின் லிம்பரபூலஸ் குழு கருவிலிருக்கும் சிசுக்களையே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தது. இதயக் குறையுள்ள சிசுக்களின் மூளை, கடைசி மாதங்களில் வாரத்துக்கு வாரம் மற்றவர்களைவிடப் பின்தங்கிப் போவது தெரிந்தது.

பிறந்த பிறகு எடுத்த படங்களும் இதையே சொல்கின்றன. 2007இல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த ஆய்வில், பத்து மாதமும் நிறைந்து பிறந்த இதயநோய்க் குழந்தைகளின் மூளை, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் மூளையைப் போல முதிராமல் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம், கத்தி படுவதற்கு முன்பே, நரம்பிழைகள் ஓடும் வெண்ணிறப் பகுதியில் காயம் இருந்தது. 2009இல் பிலடெல்பியா ஆய்வு, இந்த முதிர்ச்சித் தாமதம் ஏறத்தாழ ஒரு மாதம் என்று கணக்கிட்டது. நாள் நிறைந்து, நல்ல எடையில் பிறந்த குழந்தையின் தலைக்குள் ஒரு மாதம் முன்கூட்டியே பிறந்த குழந்தையின் மூளை இருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அந்த மூளையை வைத்துக்கொண்டுதான் அந்தக் குழந்தை முதல் வாரத்தில் மயக்க மருந்து, இதய–நுரையீரல் இயந்திரம், தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாவற்றையும் கடக்கிறது.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். கோளாறு கருவிலேயே, ஒருவேளை மரபணுவிலேயே தொடங்கிவிட்டதென்றால் பிறகு கண்காணித்து என்ன ஆகப்போகிறது? மரபணுவின் பங்கு உண்மைதான். 2015இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, இதயக் குறையோடு வளர்ச்சிக் குறைபாடும் பிற உறுப்புக் குறைகளும் சேர்ந்து இருந்த குழந்தைகளில் 100க்கு 20 பேருக்கு, பெற்றோரிடம் இல்லாத, புதிதாகத் தோன்றிய மரபணு மாற்றங்கள் நோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்று கண்டது. இதயக் குறை மட்டும் இருந்தவர்களில் அது 100க்கு 2தான். இதயத்தை உருவாக்கும் சில மரபணுக்களே மூளையையும் உருவாக்குகின்றன. அதே 2015இல், 22 மருத்துவ மையங்களில் 1996 முதல் 2009 வரை அறுவை சிகிச்சை பெற்ற 1,770 குழந்தைகளின் தரவைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரி 100 என்று வைத்த அளவுகோலில் இந்தக் குழந்தைகளின் மனவளர்ச்சி 88ஐ ஒட்டியும் உடலியக்க வளர்ச்சி 78ஐ ஒட்டியும் இருந்தது. பிறப்பு எடை, மரபணுக் கோளாறு போன்ற பிறவிக் காரணங்கள் முன்னே நின்றன. அறுவை அரங்கில் எவ்வளவோ முன்னேற்றங்கள் வந்த அந்தப் பதினான்கு ஆண்டுகளில், மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தால், மதிப்பெண் ஆண்டுக்கு அரைப் புள்ளிகூட உயரவில்லை. ஆனால் அதே பட்டியலில் இன்னொரு காரணமும் இருந்தது: தாயின் படிப்பு. தாய் குறைவாகப் படித்திருந்தால் குழந்தையின் மனவளர்ச்சி மதிப்பெண்ணும் குறைந்தது. தாயின் படிப்பு என்பது வீட்டின் வசதிக்கும், கிடைக்கும் தகவலுக்கும், சரியான நேரத்தில் சரியான ஆளைப் போய்ப் பார்க்கும் துணிவுக்கும் சேர்த்து ஒரு குறியீடு. அது விதியின் கையில் இல்லை. அரசின் கையில் இருக்கிறது.

சிகிச்சையிலேயே மாற்றக்கூடியவையும் இருக்கின்றன. காலம் அவற்றில் முதலாவது. பெருநாளங்கள் இடம்மாறிய குழந்தைகளைப் பற்றிய சிறிய பிலடெல்பியா ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. அறுவை சிகிச்சைக்காக அதிக நாள் காத்திருந்தவர்களிடமும், காத்திருந்தபோது ஆக்சிஜன் அளவு குறைவாக இருந்தவர்களிடமும் மூளைக் காயம் கூடுதலாக இருந்தது. இடைத்தடுப்பில் துளை இல்லாத இத்தகைய குழந்தைகளுக்கு மூன்று வாரத்துக்குள் அறுவை சிகிச்சை முடிய வேண்டும் என்று இந்திய மருத்துவர்களின் வழிகாட்டுதலும் சொல்கிறது. அதற்கு முதலில் நோய் தெரிய வேண்டும். கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு அறிமுகமான பல்ஸ் ஆக்சிமீட்டரின் சிசுக்களுக்கான வடிவத்தை, பிறந்து ஒரு நாள் கழித்து வலது கையிலும் ஒரு காலிலும் மாட்டிப் பார்த்தால், கடுமையான இதய நோய்களில் பலவற்றைப் பிடித்துவிடலாம். அமெரிக்கா 2011இல் இதைப் பச்சிளங்குழந்தைகளுக்கான பரிசோதனைப் பட்டியலில் சேர்த்தது. இதைக் கட்டாயமாக்கிய மாநிலங்களில் கடுமையான பிறவி இதய நோயால் நிகழ்ந்த சிசு மரணங்கள், கட்டாயமாக்காத மாநிலங்களோடு ஒப்பிட 33 சதவீதம் குறைந்ததாக 2017இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. இரண்டு நிமிட வேலை. பிரசவ வார்டில் இதைச் செய்யாமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்து நல்ல காரணம் எதுவும் இல்லை.

மேற்கத்திய ஆய்வுகளை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்பது நியாயமான எச்சரிக்கை. ஆனால் அந்த வேறுபாடு நமக்குச் சாதகமாக இல்லை. பாஸ்டன் குழந்தைகள் பிறந்த சில வாரங்களிலேயே சரிசெய்யப்பட்டவர்கள். நம் நாட்டிலோ, முதல் வயதை ஒட்டியே சரிசெய்திருக்க வேண்டிய ‘ஃபாலட் நான்மை’ என்ற, உடல் நீலம் பாரிக்கும் நோயோடு பள்ளி வயதில் மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகள் உண்டு. அத்தனை ஆண்டுகளும் அந்த மூளை குறைந்த ஆக்சிஜனில் வளர்ந்திருக்கிறது. உடல் அதை ஈடுகட்டச் சிவப்பணுக்களைக் கூடுதலாக உற்பத்தி செய்யும். ரத்தம் கெட்டியாகி, பக்கவாதம்கூட வரலாம். நுரையீரல் என்ற வடிகட்டியைத் தவிர்த்துவிட்டு ரத்தம் நேரே மூளைக்குப் போவதால், கிருமி போய்த் தங்கி மூளையில் சீழ்க்கட்டி உண்டாகும் ஆபத்தும் இருக்கிறது. இன்னொரு நுட்பமான கண்ணியும் உண்டு. நீலக் குழந்தைக்கு ஹீமோகுளோபின் 13, 14 என்று அறிக்கையில் பார்த்தால் யாரும் ரத்தசோகை என்று நினைக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் குழந்தைக்கு அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால், ‘நார்மல்’ என்ற எண்ணுக்குப் பின்னால் இரும்புச்சத்துக் குறைபாடு ஒளிந்திருக்கலாம். இரும்புச்சத்து இல்லாமல் மூளை சரியாக வளராது. கீழறையில் பெரிய துளையுள்ள குழந்தைக்கோ வேறு துன்பம். பால் குடிக்கவே மூச்சு வாங்கி, எடை ஏறாமல், திரும்பத் திரும்ப நிமோனியாவோடு வார்டில் கிடக்கும். ஆக, கருவில் தொடங்கிய பின்னடைவின் மேல் தாமதமும் பசியும் தொற்றும் சேர்கின்றன. மேற்கில் வளர்ச்சிக் கண்காணிப்பு தேவை என்றால் இங்கே இரட்டிப்பாகத் தேவை.

பின்னடைவு என்றதும் பலரும் மனவளர்ச்சி குன்றிய குழந்தையைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். மரபணுக் கோளாறு இல்லாத குழந்தைகளில் பெரும்பாலோரின் கதை அப்படி இல்லை. அறிவுத்திறன் சோதனையில் அவர்கள் சராசரியை ஒட்டியே நிற்பார்கள். குழந்தைப் பருவத்தில் கழுத்து நிற்பதும் தவழ்வதும் நடப்பதும் கொஞ்சம் தள்ளிப்போகும், பிறகு பேச்சு. ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் இருக்கும். ஒரே நேரத்தில் நான்கைந்து விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டிய வகுப்புகள் வரும்போதுதான் தெரியும்: நீண்ட கணக்கில் பாதியில் வழி தவறுவது, கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிக்காதது, படித்த கதையின் சாரத்தைச் சொல்ல வராதது, ஓரிடத்தில் உட்கார முடியாதது. ஆசிரியர் இதை விளையாட்டுத்தனம் என்பார். வீட்டில் சோம்பேறித்தனம் என்பார்கள், அல்லது ‘ஆபரேஷன் பண்ணின பிள்ளை, விட்டுவிடு’ என்பார்கள். மூன்றுமே அந்தப் பிள்ளைக்கு உதவாது. ஒன்பது வயதில் வரும் இந்தச் சிக்கலையும் ஒன்பதாவது நாளில் நடந்த அறுவை சிகிச்சையையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. தோன்றும்படி யாரும் சொல்லி அனுப்பவும் இல்லை.

இனி, அடிக்கடி கேட்கும் ஆட்சேபத்துக்கு வருகிறேன். அறுவை சிகிச்சையே கிடைக்காமல் குழந்தைகள் இறக்கும் நாட்டில் இதெல்லாம் ஆடம்பரமில்லையா? முதலில் உயிர், பிறகுதானே மற்றவை? கேட்க நியாயமாக இருக்கும் இந்த வாதம், இரண்டுக்கும் ஒரே கட்டிலுக்காகப் போட்டி நடக்கிறது என்று வைத்துக்கொள்கிறது. அப்படி எந்தப் போட்டியும் இல்லை. வளர்ச்சிப் பரிசோதனைக்கு அறுவை அரங்கு வேண்டாம், இதய நிபுணர் வேண்டாம். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய அட்டவணை ஒன்று இருக்கிறது. இரண்டு வயது வரையான குழந்தைகளுக்கு 17 கேள்விகள், ஐந்து முதல் ஏழு நிமிடம், ஒரு பென்சிலும் ஒரு சாவிக்கொத்தும் போதும் என்ற அளவுக்கு எளிமையானது. பயிற்சி பெற்ற அங்கன்வாடிப் பணியாளரே பார்த்துவிடலாம். ஒரு குழந்தையின் இதயத்துக்கு லட்சக்கணக்கில் செலவிட்ட பிறகு, அந்தக் குழந்தை பேசுகிறதா என்று பார்க்கச் செலவிடுவதைத்தான் ஆடம்பரம் என்கிறோம். பொதுப்பணத்தின் கணக்கில் பார்த்தாலும் இது தலைகீழ்.

அமைப்பும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. மத்திய அரசு 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற சிறார் நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரை, பிறவிக் குறைபாடு, ஊட்டக் குறைபாடு, குழந்தைப் பருவ நோய்கள், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு தலைப்புகளில் 30 குறைகளைத் தேடுகிறது. பிறவி இதய நோய் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மொழித் தாமதம், உடலியக்கத் தாமதம், கற்றல் குறைபாடு, கவனக் குறைபாடு ஆகியவையும் அதே பட்டியலில் இருக்கின்றன. மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையங்களில் இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் இருக்க வேண்டும் என்பதும் திட்டத்திலேயே எழுதப்பட்டதுதான். தமிழ்நாட்டில் 2009 முதல் பல பெயர்களில் தொடர்ந்துவரும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அறுவை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. கேரளம் 2017இல் ‘ஹ்ருத்யம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, இதயக் குறையுள்ள ஒவ்வொரு குழந்தையையும் இணையத்தில் பதிந்து, யாருக்கு எவ்வளவு அவசரம் என்று வரிசைப்படுத்திக் காட்டியது. துண்டுகள் எல்லாம் இருக்கின்றன. தைக்க வேண்டியதுதான் பாக்கி. இதயம் என்ற கட்டத்தில் குறியிடப்பட்ட குழந்தைக்கு, யாரும் கேட்காமலேயே, வளர்ச்சி என்ற கட்டமும் திறக்க வேண்டும். வளர்ச்சித் தாமதம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்த பிறகு அனுப்புவது வேறு. இதய நோயே அனுப்புவதற்குப் போதிய காரணம் என்று விதி எழுதுவது வேறு. அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் இந்த இரண்டாவது நிலைப்பாட்டைத்தான் எடுத்தது. 2024இல் அதைப் புதுப்பித்து, விரித்தும் எழுதியது.

பெற்றோரைப் பயமுறுத்துவதாக ஆகாதா என்று கேட்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். இதயக் குறையுள்ள பிள்ளைகளின் மன நலனை, நோயின் கடுமையைவிட அந்த நோயைத் தாய் எப்படிப் பார்க்கிறார் என்பதே அதிகம் தீர்மானிக்கிறது என்று 1990களின் தொடக்கத்திலேயே பாஸ்டனில் கண்டிருக்கிறார்கள். ஓடாதே, குதிக்காதே என்று அடைகாத்து வளர்ப்பதும் ஒரு பாதிப்புதான். நம் சமூகத்தில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பெண் குழந்தையின் நெஞ்சில் இருக்கும் தழும்பையே கல்யாணச் சந்தையை நினைத்து மறைக்கும் குடும்பத்தினர், ‘கற்றலில் குறை’ என்ற சீட்டை வாங்கிக்கொள்ள எளிதில் சம்மதிக்க மாட்டார்கள். ஆனால் சொல்லாமல் விடுவதால் குறை மறைவதில்லை. அதற்கு ‘மக்கு’ என்ற வேறு சீட்டு ஒட்டப்படுகிறது, அவ்வளவுதான். எதைச் சொல்வது என்பதைவிட எப்போது, எப்படிச் சொல்வது என்பதில்தான் கவனம் வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவில் பதினாறு வயதுக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், ‘இதயத்தைச் சோதிப்பதுபோல வளர்ச்சியையும் அவ்வப்போது சோதிப்போம், இது எல்லாக் குழந்தைகளுக்கும் செய்வதுதான்’ என்று சொன்னால் போதும். எல்லோருக்கும் செய்வது என்றாலே முத்திரையின் கூர்மை மழுங்கிவிடும்.

கண்டுபிடித்தால் சரிசெய்ய முடியுமா என்பது கடினமான கேள்வி. இதற்கு மிகைப்படுத்தாமல்தான் பதில் சொல்ல வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்குத் தரப்படும் ஆரம்பகாலப் பயிற்சிகள் பள்ளிக்குப் போகும் முன்புவரை அறிவுவளர்ச்சிக்கு உதவுவதாகவும், பிறகு அந்தப் பலன் தேய்ந்துவிடுவதாகவும் ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. இதயநோய்ப் பிள்ளைகளிடமே செய்த பரிசோதனைகள் குறைவு. வளரிளம் பருவத்தினருக்குக் கணினி வழி ஞாபகப் பயிற்சி தந்து பார்த்த பாஸ்டன் முயற்சி எதிர்பார்த்த அளவு பலன் தரவில்லை. மூளையைத் திருத்தும் மருந்து எதுவும் கையில் இல்லை என்பதே உண்மை. ஆனால் உதவி என்பது மூளையைத் திருத்துவது மட்டும்தானா? தீவிர சிகிச்சையில் தரப்படும் சில ஆன்டிபயாடிக்குகளும் நீர்பிரிப்பு மருந்துகளும் காதைப் பாதிக்கக்கூடியவை. காது கேட்காத குழந்தைக்குப் பேச்சு வராது. ஒரு கேட்புச் சோதனை அதைக் கண்டுபிடித்துவிடும். இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கு மருந்து இருக்கிறது. கழுத்து நிற்காத குழந்தைக்கு இயன்முறைப் பயிற்சி இருக்கிறது. எழுத நேரம் பிடிக்கும் மாணவருக்குத் தேர்வில் கூடுதல் நேரம் தரலாம். ஒரே நேரத்தில் ஐந்து கட்டளை இடாமல் ஒவ்வொன்றாகச் சொல்லும்படி ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளலாம். இவற்றுக்கெல்லாம் பெரிய ஆய்வின் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. ஆனால் நாம் பேசும் பிள்ளைகளில் பலர் எந்தச் சான்றிதழுக்கும் எட்டாத இடைநிலையில் நிற்பவர்கள். கொஞ்சம் கவனக்குறைவு, கொஞ்சம் கைத்தடுமாற்றம், கொஞ்சம் மறதி: தனித்தனியாக எதுவும் வரம்பைத் தொடாது, சேர்ந்து ஒரு பிள்ளையைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடும். இவர்களுக்குச் சான்றிதழைவிட, இதய மருத்துவமனையிலிருந்து பள்ளிக்கு எழுதப்படும் ஒரு பக்கக் கடிதம் அதிகம் உதவும். பள்ளிக் கல்வித் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சேர்ந்து அந்தக் கடிதத்துக்கு ஒரு வடிவமும் மதிப்பும் தரலாம். காப்பீட்டுத் திட்டமோ, மருத்துவமனைக்குத் தரும் தொகையில் ஒரு சிறு பகுதியை நிறுத்திவைத்து, குழந்தை ஒன்றரை வயதிலும் மூன்று வயதிலும் பள்ளியில் சேரும்போதும் வளர்ச்சிப் பரிசோதனைக்கு வந்த பிறகே விடுவிக்கலாம். பணம் எங்கே காத்திருக்கிறதோ அங்கே பின்தொடர்தலும் நடக்கும். மருத்துவமனைகள் முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும்.

அரசு இதைச் செய்யும் வரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை எக்கோ பார்க்கக் குழந்தையை அழைத்துப் போகும்போது, இதயம் எப்படி இருக்கிறது என்று கேட்ட பிறகு, இவன் வயதுக்கு ஏற்ற வளர்ச்சி இருக்கிறதா, கேட்புச் சோதனை தேவையா, இரும்புச்சத்து போதுமா என்று மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். மருத்துவருக்கு நேரமில்லை என்றால் உங்கள் மாவட்டத்தின் ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்பச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். பிள்ளை பள்ளிக்குப் போகிறவனாக இருந்தாலும் காலம் கடந்துவிடவில்லை. மத்திய அரசின் அந்தச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அவனுக்குப் பதினெட்டு வயது வரை உரிமை இருக்கிறது, கட்டணமும் கிடையாது.